முயலைச் சுமந்தவள்

சென்னை,
20.1.2025

அன்புள்ள நதியாவுக்கு,

ஜெயப்பிரியா அக்கா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வலி தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சொன்னபடி எழுதிவிட்டேன், பார்த்தாயா? போனில் பேசினால் அன்றோடு போச்சு. கடிதம் எழுதினால் உன் தமிழ் வளரும். பத்தாம் வகுப்பில் தமிழில் எண்பத்தொன்பது வாங்கியவள் நீ. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சையை நன்றாக எழுது. கல்லூரியில் தமிழே எடு. ஒரு தமிழாசிரியை சொல்வதைக் கேள்.

பொங்கல் விடுமுறைக்குப் பெரியப்பாவின் தோட்ட வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஊமைமலைமேல் ஏறியது இந்தக் காணும் பொங்கலுக்குத்தான். உச்சியில் ஒரு மரம் கூட இல்லை. இடுப்பு உயரப் புல், மஞ்சளாக, காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமில்லை. அந்த அமைதி இன்னும் காதிலேயே இருக்கிறது. என் ஷூவைப் பார்த்து உன் அம்மா, "இன்னாம்மா, காலுக்கு வூடு கட்டிக்கினு வந்துகீற" என்று கேட்டதை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறேன்.

பெரியப்பா மகன் வினோத்தின் ஏர்கன்னில் ஒரே குண்டு. முயல் விழுந்தது. முதலில் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதை உன் அம்மா தோளில் போட்டுக்கொண்டு புல்லுக்கு நடுவே நடந்து வந்தார்களே, அது எத்தனை அழகு! அந்தப் படத்தை என் பேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஓரத்தில் வினோத்தின் கையும் துப்பாக்கியும் விழுந்திருந்தன. அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று வெட்டிவிட்டேன். மூவாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அம்மா இலையில் வைத்துக் கொடுத்த கறியின் ருசியை மறக்க முடியாது. பதில் எழுது.

அன்புடன்,
ஜெயப்பிரியா அக்கா


திருப்புலிவனம்,
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நதியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு நொச்சித் தழையைச் சுட வைத்துக் கட்டச் சொல்லி அம்மா சொன்னது. மெட்ராசில் நொச்சி கிடைக்குமா என்றும் கேட்டது.

எனக்கு வந்த முதல் கடிதம் இது. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. பெட்டிக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடைக்காரர் இரண்டு தடவை உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

மலை அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தது. "அடிவாரத்துல நம்ம பதினோரு வூடு இருந்துச்சி. புள்ளைங்க போடுற கூச்சல்ல மலை எங்க தூங்கும்? நம்மள ஏரிக்கரைக்குத் தள்ளுனாங்க, அப்புறந்தான் அது சும்மா கீது" என்றது. உங்கள் பெரியப்பா வீட்டுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிற இடம் இருக்கிறதே, எங்கள் வீடு அங்கேதான் இருந்ததாம். நான் அப்போது பிறக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை அக்கா. நீங்கள் எழுதியதால் எழுதினேன்.

கறி கொடுத்ததற்கு நீங்கள் நன்றி சொல்லத் தேவையில்லை. அது உங்கள் பங்கு. எங்கள் சனத்தில் மலையில் கிடைத்தது எதுவானாலும் கூட நடந்த எல்லோருக்கும் பங்கு உண்டு. அடித்தவருக்கு ஒன்று, சுமந்தவருக்கு ஒன்று, சும்மா வேடிக்கை பார்த்து வந்தவருக்கும் ஒன்று. கர்ப்பிணி கூட வந்தால் இரண்டு. வினோத்குமார் அண்ணன் மட்டும் தன் பங்கை நாய்க்குப் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அதில் வருத்தம்.

பரீட்சைக்குப் படிக்கிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

பணிவுடன்,
மா. நதியா


திருப்புலிவனம்,
19.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா? நாங்கள் நலமில்லை.

திங்கட்கிழமை காலை பாரஸ்ட்காரர்கள் நான்கு பேர் ஜீப்பில் வந்தார்கள். அம்மா பெருநகருக்குக் களையெடுக்கப் போக பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தது. போனில் ஒரு படத்தைக் காட்டி, இது நீதானா என்று கேட்டார்கள். அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தது.

"ஆமா சார், நான்தான். நல்லா வந்துகீது" என்றது.

நீங்கள் போட்ட படம்தான் அக்கா. முயலை அடித்திருக்கிறாள், நடவடிக்கை எடுங்கள் என்று யாரோ படத்துக்கு மேலே எழுதிப் போட்டிருக்கிறார்கள். முயல் யாருடையது என்று கேட்டார்கள். "எனக்கும் பங்கு கீது சார்" என்றது அம்மா. எங்கள் வழக்கப்படி அது சரியான பதில். அவர்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். கூட யார் வந்தது என்று கேட்டபோது அம்மா வாயை மூடிக்கொண்டது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாரஸ்ட் ஆபீசில் ஒரு பெண் பாரஸ்ட் கார்டு கன்னத்தில் அடித்தாளாம். அப்போதும் வாய் திறக்கவில்லை. எழுதி வைத்திருந்த தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, சாயந்திரம் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்களுக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள். அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வெட்டாத படம் உங்கள் போனில் இருக்கும். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று அதில் தெரியும். ஒரு நாள் லீவு போட்டு வாருங்கள் அக்கா. நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நான் அங்கே போய் நின்று அதையேதான் சொன்னேன். "ஏய், நீயும் ஜெயிலுக்குப் போறியா" என்று கேட்டார்கள்.

நதியா


சென்னை,
6.3.2025

அன்புள்ள நதியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் மனம் கலங்கிப்போனது. உடனே எழுத முடியவில்லை, தப்பாக நினைக்காதே. இங்கே பரீட்சை நேரம். எனக்கும் பத்து நாளாகக் காய்ச்சல்.

படத்தை அன்றைக்கே நீக்கிவிட்டேன். இனி யாரும் பார்க்க முடியாது. வெட்டாத படத்தைக் கேட்டிருந்தாய். போன மாதம் போன் மாற்றினேன். பழையது எதுவும் இதில் இல்லை.

பெரியப்பாவிடம் பேசினேன். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இதில் தலையிடாதே என்றார். ராஜாராம் பெரியப்பா சொன்னால் செய்வார். உன் அப்பா மாசி எத்தனை வருடமாக அவருடைய மோட்டார் கொட்டகையில் வேலைக்கு இருக்கிறார்! வினோத்துக்குக் கனடா விசா வேலை நடக்கிறது. இந்த நேரத்தில் அந்த வீட்டில் போய் எதையும் பெரிதாக்க வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். சட்டம் தன் வேலையைச் செய்யும். தப்பு செய்யாதவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

நீ கலங்காமல் படி. அம்மாவின் உடம்பை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஜெயப்பிரியா


திருப்புலிவனம்,
14.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று அம்மாவைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்க வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். முதலில் அம்மா எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. சோறு இறங்கவில்லையாம். சுவரைப் பார்த்துப் படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். வெட்டவெளியில் படுத்தே பழக்கம்.

இலவசச் சட்ட உதவியில் திவ்யா என்று ஒரு வக்கீல் அம்மா கிடைத்திருக்கிறார்கள். சின்ன வயது, நன்றாகக் கேட்டுக்கொள்கிறார்கள். உன் அம்மா சுட்டது யார் என்று சொல்லிவிட்டால் கேஸ் திரும்பிவிடும் என்றார்கள். அதை வலை வழியாகக் கத்திச் சொன்னேன். அம்மாவும் கத்தியது.

"பங்கு துன்னவங்கள காட்டிக் குடுத்தா, நாளைக்கு யாருடி நம்ம கூட மலைக்கு வருவாங்க?"

அவர்கள் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்களே என்றேன். "அவங்க ஒண்ணும் சொல்லல. சும்மாதான் கீறாங்க" என்றது. அக்கா, சும்மா இருப்பதுதான் காட்டிக் கொடுப்பது. இது அம்மாவுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

இன்னொன்று. நீங்கள் ஜனவரியில் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. வினோத்தின் ஏர்கன்னில் ஒரே குண்டு என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. வக்கீல் அம்மா அதைக் கேட்டார்கள். எனக்கு எழுதிய கடிதம்தான், கொடுக்கலாம். ஆனால் உங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டது. அதனால் கேட்கிறேன். கொடுக்கட்டுமா? சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இரண்டு பரீட்சை எழுதவில்லை. ஒன்று தமிழ்.

நதியா


சென்னை,
18.3.2025

அன்புள்ள நதியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுக்காதே. இலவச வக்கீல்கள் காகிதத்தைத் தொலைத்துவிடுவார்கள். பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. இங்கே எனக்குத் தெரிந்த பெரிய வக்கீலிடம் காட்டி, எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்கிறேன்.

உன்னிடம் ஒன்று மனம் விட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் பாறைக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். யார் சுட்டது என்று கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ண என்னால் முடியாது. கடிதத்தில் ஏதோ ஒரு வேகத்தில் எழுதியிருக்கிறேன். எழுதுகிறவர்கள் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

என் பள்ளிக்கூடத்தில் போலீஸ், கோர்ட் என்றால் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். என் நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும். தமிழ்ப் பரீட்சை போனால் என்ன, ஜூனில் துணைத்தேர்வு உண்டு.

கடிதத்தை மறக்காமல் அனுப்பு.

ஜெயப்பிரியா


திருப்புலிவனம்,
5.4.2025

ஜெயப்பிரியா அக்காவுக்கு,

நலம் விசாரித்து நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

கடிதத்தை நீங்கள் தேட வேண்டாம். அது உங்கள் பெரியப்பாவிடம் இருக்கிறது.

போன வாரம் அம்மாவுக்கு ஜாமீன் கொடுத்தார்கள். ஆனால் அம்மா வெளியே வரவில்லை. நிலம் உள்ளவர்கள் இரண்டு பேர் பட்டாவோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கோர்ட்டில் சொன்னார்கள். எங்கள் ஏரிக்கரையில் நாற்பத்தேழு பேர் இருக்கிறோம். ஒருவர் பேரிலும் ஒரு சென்ட் கிடையாது. குடிசை நிற்கிற இடமே யாருடையது என்று தெரியாது. நைனா பெருநகர் வரை ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது. நாற்பது வருடம் நாற்று நட்டுக் கொடுத்த வீடுகள் அவை. பட்டா பேங்க்கில் இருக்கிறது என்றார்கள், மகன் ஊரில் இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் வாசலைச் சாத்தினார்கள்.

கடைசியில் ராஜாராம் ஐயாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நானும் நைனாவோடு போனேன். வினோத்குமார் அண்ணன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா சத்தம் போடவில்லை. எங்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். பிறகு நைனாவைப் பார்த்துச் சொன்னார்: "மாசி, எம் பொண்ணு ஜெயப்பிரியா எய்துன லெட்டர் ஒண்ணு உன் வூட்ல கீதாமே. அது இங்க வரட்டும். நானும் எந் தம்பியும் நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுறம்."

கடிதம் இருக்கிற விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடினேன். நைனா பின்னாலேயே வந்தது. அடிக்கும் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மூச்சு வாங்கக் கரைமேல் உட்கார்ந்துகொண்டது.

"உங்கம்மா உள்ள சாவுது. நீ காயிதத்தக் கட்டிக்கினு அயுவுறியா?" என்றது.

எடுத்துக் கொடுத்துவிட்டேன். நைனா பிடுங்கியது என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். இல்லை, நானேதான் கொடுத்தேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். உங்களை அந்த இடத்தில் யாரும் கொண்டுபோய் நிறுத்தப் போவதில்லை.

அம்மா மறுநாள் வெளியே வந்தது.

நதியா


திருப்புலிவனம்,
13.9.2025

ஜெயப்பிரியா அவர்களுக்கு,

ஐந்து மாதமாகப் பதில் இல்லை. போன கடிதம் உங்களுக்குக் கிடைத்தது, ஒப்புகை அட்டையில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. இதற்கும் பதில் வேண்டாம். நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

ஏப்ரலிலிருந்து அம்மா தினமும் காலையில் பாரஸ்ட் ஆபீசில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு. பத்து மணிக்கு மேல்தான் ஆபீசர் வருவார். பத்து மணிக்கு மேல் எந்த வயலில் ஆள் சேர்த்துக்கொள்வார்கள்? வாய்தாவுக்கு வாய்தா நைனாவும் கூடப் போனது. நான் துணைத்தேர்வு எழுதவில்லை.

வக்கீல் அம்மா கேஸை நடத்தலாம் என்றார்கள். இரண்டு வருடம் ஆனாலும் நடத்துகிறேன் என்றார்கள். நல்லவர்கள். ஆனால் போன மாதம் ராஜாராம் ஐயா, இனிமேலும் இழுத்தால் ஜாமீன் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்வேன் என்று நைனாவிடம் சொல்லிவிட்டார். தப்பை ஒத்துக்கொண்டால் அபராதத்தை அவரே கட்டிவிடுவதாகவும் சொன்னார்.

நேற்று கோர்ட். அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதான் முயலைக் கொன்றாயா என்று கேட்டார்கள். அம்மா கூட்டத்தில் யாரையோ தேடியது. நான் இருந்த பக்கம் பார்க்கவில்லை, கதவுப் பக்கம் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

"ஆமா சாமி. நான்தான் அடிச்சேன்" என்றது.

என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் தமிழாசிரியை. பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை உங்களால் திருத்தியிருக்க முடியும்.

ஜெயிலில் இருந்த நாட்களையே தண்டனையாக வைத்துக்கொண்டு, ஐயா அபராதத்தைக் கட்டியதும் விட்டுவிட்டார்கள். இனிமேல் மலைப்பக்கம் காலை வைத்தால் திரும்பவும் உள்ளேதான் என்று வெளியே நின்ற கார்டு சொன்னார். பஸ்சில் வரும்போது மலை தெரிகிற வளைவில் அம்மா முந்தானையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டது. தூங்குகிறது என்று நைனா சொன்னது. தூங்கவில்லை.

மா. நதியா


சென்னை,
8.12.2025

அன்புள்ள நதியாவுக்கு,

நலம். உன் நலமும் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல். ரொம்ப நாளாக எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். இந்த வருடம் எனக்கும் சரியில்லை. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன், இப்போது பரவாயில்லை.

கேஸ் நல்லபடியாக முடிந்தது என்று பெரியப்பா சொன்னார். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெரியப்பாதான் உங்களுக்காக எவ்வளவு அலைந்திருக்கிறார்! நீயும் இப்போது தோட்ட வீட்டிலேயே வேலைக்கு இருக்கிறாய் என்றார். பாதுகாப்பான இடம், நல்லதுதான். படிப்பை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். வினோத் கனடா போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே ஒரே பனியாம்.

பொங்கல் விடுமுறைக்கு அங்கே வருகிறோம். கூட வேலை பார்க்கும் கல்பனா டீச்சரும் அவர் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். ஊமைமலையைப் பற்றி நான் சொல்லிச் சொல்லி, அந்த அமைதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அம்மா வழிகாட்ட வருவார்களா? பிள்ளைகளுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். படம் எதுவும் எடுக்க மாட்டோம், பயப்படாதே.

பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஜெயப்பிரியா அக்கா


ராஜாராம் ஐயா தோட்ட வீடு,
திருப்புலிவனம்,
19.12.2025

மதிப்பிற்குரிய ஜெயப்பிரியா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். ஐயா நலம். இந்த வருடம் நல்ல மழை, ஏரி நிறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். பதில் போடச் சொன்னார்.

அம்மா வர முடியாது. மலையில் கால் வைக்கக் கூடாது. நான் வருகிறேன். வழி எனக்கும் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆறு மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது. தண்ணீர், சாப்பாடு, கம்பளி எல்லாவற்றையும் நான் தூக்கி வருகிறேன். பாதையில் புல் உயரமாக வளர்ந்துவிட்டது. அதற்குள் அறுத்து வைக்கச் சொல்லி ஐயா நைனாவிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அம்மா இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

மேற்குப் பக்கத்து அறையைக் கழுவி வைக்கிறேன். காலையில் ஐந்து மணிக்கு வெந்நீர் தயாராக இருக்கும். கல்பனா மேடத்துக்கு காபியா டீயா, சர்க்கரை போடலாமா கூடாதா என்று எழுதினால் அதன்படி செய்கிறேன்.

இப்படிக்கு,
நதியா